நீல விளக்குக்கு மாற்றியதும் எம்.ஐ.டி.9313 வெளிறிவிட்டது, மெட்4 தப்பித்தது: ஒளியா, நிறமா, ஊடகமா?

நுண்கடல்:

புரோக்ளோரோகாக்கஸ் (ஒளிச்சேர்க்கை செய்யும் நுண்ணிய கடல் பாக்டீரியா) வளர்க்கிறவர்கள் யாராவது இருந்தால் பார்த்துச் சொல்லுங்கள்.

இரண்டு ஸ்ட்ரெயின்கள் (ஒரே இனத்தின் தனித்தனி வளர்ப்பு வகைகள்). மெட்4, மத்திய தரைக்கடலில் 5 மீட்டர் ஆழத்தில் எடுத்தது, அதிக ஒளிக் கிளை. எம்.ஐ.டி.9313, வளைகுடா நீரோட்டத்தில் 135 மீட்டரில் எடுத்தது, குறைந்த ஒளிக் கிளை. இரண்டுமே வேறு பாக்டீரியா கலக்காத தூய வளர்ப்பு. வெள்ளைக் குழல்விளக்கின் கீழ் 15 மைக்ரோமோலில் (சதுர மீட்டருக்கு, நொடிக்கு, ஃபோட்டான் கணக்கு; இனி வெறும் மைக்ரோமோல்) பல மாதமாகச் சிக்கலில்லாமல் ஓடியவை. ஊடகம் ப்ரோ99 (கடல்நீரில் சத்துப்பொருள் சேர்த்த வளர்ப்புத் திரவம்), வெப்பநிலை 22 டிகிரி, 14 மணி நேரம் வெளிச்சம், 10 மணி நேரம் இருட்டு.

கடலில் இருப்பதுபோல இருக்கட்டும் என்று குழல்விளக்குக்குப் பதில் 450 நானோமீட்டர் நீல எல்.இ.டி. பட்டை பொருத்தியாயிற்று. ஒளி 20 மைக்ரோமோல். லக்ஸ் மீட்டர் 1080 காட்டும் உயரத்தில் பட்டையைக் கட்டி, 54ஆல் வகுத்து வந்த எண் அது.

மூன்றாம் நாளே எம்.ஐ.டி.9313 குழாய்களில் பச்சை மங்கியது. ஐந்தாம் நாள் வெறும் தண்ணீர் மாதிரி. குழாயோடு செருகிப் பார்க்கும் ஃப்ளோரோமீட்டரில் தொடக்க அளவில் பத்தில் ஒரு பங்குகூட இல்லை. மெட்4 முதல் இரண்டு நாள் இறங்கி, அப்புறம் ஏறி, இப்போது நன்றாகவே இருக்கிறது.

15இலிருந்து 20க்கு ஏற்றியதற்கே செத்துப்போகுமா? ஆழ்கடலில் நீலம் மட்டும்தானே இருக்கிறது, அப்படியிருக்க நீல விளக்கு ஏன் ஒத்துக்கொள்ளவில்லை? இந்தத் தடவை பி.எச். நிலையாக இருக்க ஹெப்பஸ் பஃபர் சேர்த்ததும் உண்டு, அதையும் சொல்லிவிடுகிறேன். இன்னொன்று: இதே ரேக்கில் சினெக்கோகாக்கஸ் என்ற உறவுக்காரக் கடல் பாக்டீரியாவின் ஆர்.எஸ்.9916 ஸ்ட்ரெயினையும் வைக்க எண்ணம். அதற்கும் இந்த நீல விளக்கே போதுமா?

லக்ஸ்_வேண்டாம்:

ஊடகத்தைப் பற்றிப் பிறகு பேசலாம். முதலில் அந்த 54. அது வெயிலுக்கான எண். பகல் வெளிச்சத்தில் 54 லக்ஸுக்கு ஒரு மைக்ரோமோல் என்று போடுவது சரிதான். நீல எல்.இ.டி.க்கு அதைப் போட்டால் கணக்கு தலைகீழாகிவிடும்.

லக்ஸ் மனிதக் கண்ணுக்காகச் செய்த அளவு. நம் கண் 555 நானோமீட்டர் பச்சையில் மிகக் கூர்மை. 450க்கு வந்தால் அந்தக் கூர்மையில் 0.038 பங்குதான் மிச்சம். 450இல் ஒரு மைக்ரோமோல் ஃபோட்டானின் ஆற்றல் 0.266 வாட். அதை 683ஆலும் 0.038ஆலும் பெருக்குங்கள்: ஏறக்குறைய 7 லக்ஸ். 530 பச்சையில் அதே ஒரு மைக்ரோமோல் 133 லக்ஸ் காட்டும். செல்லுக்குப் போய்ச் சேரும் ஃபோட்டான் ஒரே அளவுதான், மீட்டர் காட்டுவது மட்டும் 19 மடங்கு வித்தியாசம்.

உங்கள் 1080ஐ 7ஆல் வகுத்தால் 154. எல்.இ.டி.யின் நிறமாலை ஊசிபோல 450இல் நிற்காது, 480 பக்கம் வால் நீளும். அங்கே ஒரு மைக்ரோமோலுக்கு 24 லக்ஸ் வரை வரும். அந்த வாலுக்கும் இடம் கொடுத்து சராசரி 10 லக்ஸ் என்று வைத்தாலும் 108. மலிவான மீட்டர்களில் உள்ள வடிகட்டி நீலப் பக்கத்தில் கண்ணின் வளைவை ஒழுங்காக ஒட்டுவதில்லை, அந்தப் பிழை தனி. ஆக, 20 என்று நினைத்து 100க்கு மேல் கொடுத்திருக்கிறீர்கள். 15இலிருந்து ஒரே தாவலில் ஏழெட்டு மடங்கு. எம்.ஐ.டி.9313 செத்ததில் ஆச்சரியம் இல்லை.

ஃபோட்டானை எண்ணும் குவாண்டம் சென்சார் ஒன்றை இரவல் வாங்கியாவது அளந்துவிடுங்கள். தட்டைச் சென்சார் மேலிருந்து வருவதை மட்டும் எண்ணும். குழாய்க்கு நாலாபக்கமும் வெளிச்சம் வருவதால் உருண்டைச் சென்சார்தான் சரி. குழாய் நிற்கும் இடத்திலேயே, பக்கத்துக் குழாய்களில் தண்ணீர் ஊற்றி வைத்துவிட்டு, ஒவ்வொரு துளையிலும் தனித்தனியாக அளக்க வேண்டும். பட்டை விளக்கில் நடு வரிசைக்கும் ஓர வரிசைக்கும் இரண்டு மடங்கு வேறுபாடு சாதாரணம்.

குறைப்பதற்கு டிம்மரை நம்ப வேண்டாம். பல டிம்மர்கள் விளக்கை வேகமாக அணைத்து அணைத்து எரியவிட்டே சராசரியைக் குறைக்கின்றன. எரியும் கணத்தில் செல்மேல் விழுவது முழு ஒளி. கருப்பு நைலான் கொசுவலை ஒன்றிரண்டு அடுக்கு போர்த்துவது எளிது, எல்லா நிறத்தையும் ஒரே விகிதத்தில் குறைக்கும். பச்சைக் கொசுவலை வேண்டாம், அது நிறத்தையே மாற்றிவிடும்.

நுண்கடல்:

உருண்டைச் சென்சார் வைத்து அளந்தாயிற்று. முன் வரிசை 118, பின் வரிசை 71. எம்.ஐ.டி.9313 முழுவதும் முன் வரிசையில். மெட்4 பாதி முன்னால், பாதி பின்னால்.

அளவு புரிந்தது. ஆனால் மெட்4க்கும் அதே 118தானே விழுந்தது? அது இரண்டு நாளில் சமாளித்துக்கொண்டது, இது ஏன் முடியாமல் போயிற்று? இரண்டும் ஒரே இனம்தானே.

உப்புக்காற்று:

பெயர் ஒன்று, உள்ளே இருக்கும் சரக்கு வேறு. 2003இல் இரண்டின் மரபுத்தொகுதியும் ஒன்றாகவே வெளியானது. மெட்4 16.6 லட்சம் எழுத்து, சுமார் 1,700 மரபணு. எம்.ஐ.டி.9313 24.1 லட்சம் எழுத்து, சுமார் 2,275 மரபணு. சின்ன மரபுத்தொகுதி வைத்திருப்பதுதான் வெயிலில் தாக்குப்பிடிக்கிறது. பெரிய பெட்டிக்குள் நிறையக் கருவி இருக்கிறது, வெயிலுக்கான கருவி மட்டும் குறைச்சல்.

இங்கே பழகலையும் தகவமைப்பையும் பிரித்துக்கொள்ள வேண்டும். பழகல் என்பது ஒரே செல் வரிசை சில மணி நேரத்திலிருந்து சில நாளுக்குள் தன் நிறமியைக் கூட்டிக் குறைப்பது. மெட்4 அந்த இரண்டு நாளில் செய்தது அதுதான். தகவமைப்பு என்பது எந்த எல்லைக்குள் கூட்டிக் குறைக்க முடியும் என்று மரபணு போட்டு வைத்திருக்கும் வேலி. எம்.ஐ.டி.9313க்கு நீங்கள் கொடுத்தது வேலிக்கு வெளியே.

வேலியில் என்னென்ன இருக்கிறது என்று பார்ப்போம். முதலாவது ஆண்டெனா, அதாவது ஒளியைப் பிடிக்கும் நிறமிப் புரதக் கட்டு. புரோக்ளோரோகாக்கஸில் இருப்பது சாதாரணப் பச்சையம் இல்லை, டைவினைல் பச்சையம் ஏ, பி. நீலப் பக்கத்தில் இவற்றின் உறிஞ்சுமுகடு சாதாரண வகையைவிட 8 முதல் 10 நானோமீட்டர் நீள்அலைப் பக்கம் தள்ளி நிற்கும். செல்லுக்குள் ஏ-யின் முகடு 445 பக்கம், பி-யின் முகடு 480 பக்கம். தெளிந்த கடலில் நூறு மீட்டருக்குக் கீழே எஞ்சியிருப்பது பெரும்பாலும் 470–490தான். அதனால் ஆழத்து வகைகளில் பி-யை ஏ-யால் வகுத்த விகிதம் ஒன்றைத் தாண்டும். மெட்4 வகையில் அதைவிட நன்றாகக் குறைவு. உங்கள் 450 விளக்கு ஏ-யின் முகட்டில் ஏறக்குறைய நேராக விழுகிறது. வெள்ளை விளக்கின் 15இல் பச்சை, மஞ்சள் ஃபோட்டான்கள் பெரும்பகுதி உள்ளே போகாமலே கடந்துவிடும். நீலத்தில் அந்தக் கழிவு கிடையாது. எனவே எண் ஒன்றாகவே இருந்தாலும் செல் விழுங்கிய அளவு கூடியிருக்கும். ‘ஆழத்தில் நீலம்தானே’ என்று கேட்டீர்களே, அதற்கும் பதில் இதிலேயே இருக்கிறது: நீலம் அதற்குப் பிடித்த உணவு, அதனால்தான் அளவு தப்பினால் சீக்கிரம் திகட்டுகிறது.

இரண்டாவது, உறிஞ்சியதைக் கொட்டிவிடும் வழி. அதிக ஒளியில் தூண்டப்படும் சின்னப் புரதங்கள், ஹ்லி என்று சொல்வோமே, அந்த மரபணு மெட்4இல் 22, எம்.ஐ.டி.9313இல் 9. புற ஊதாவால் கெட்ட டி.என்.ஏ.வைச் செப்பனிடும் ஃபோட்டோலையேஸ் மெட்4இல் உண்டு, எம்.ஐ.டி.9313இல் இல்லை. உங்கள் எல்.இ.டி.யில் புற ஊதா இல்லை என்பதால் இந்தப் பரிசோதனையில் அது கணக்கில் வராது; கடலில் வரும்.

மூன்றாவது, ஒளிச்சேர்க்கை இயந்திரத்தின் ஒரு பாகமான ஒளித்தொகுதி 2இல் உள்ள டி1 புரதம். எந்த ஒளியிலும் இது கெட்டுக்கொண்டேதான் இருக்கும், செல்லும் புதிதாகச் செய்து மாற்றிக்கொண்டே இருக்கும். கெடும் வேகம் ஒளியோடு ஏறும், மாற்றும் வேகத்துக்கு ஓர் உச்சம் உண்டு. அந்த உச்சத்தைத் தாண்டினால் கெட்டது குவியும். 15இல் பழகிய எம்.ஐ.டி.9313க்குப் பெரிய ஆண்டெனா, மெதுவான பழுதுவேலை. முதல் நாள் 14 மணி நேரம் 118 விழுந்தபோதே கதை முடிந்திருக்கும். மூன்றாம் நாள் உங்கள் கண்ணுக்குத் தெரிந்தது மிச்சம்.

பிசிபி என்ற ஆண்டெனாப் புரதத்தின் மரபணு எண்ணிக்கையை வைத்து ஆழத்தைச் சொல்லிவிடலாம் என்று சிலர் எழுதுகிறார்கள். மெட்4இல் ஒன்று, 120 மீட்டரில் எடுத்த எஸ்.எஸ்.120இல் எட்டு என்று பார்த்தால் அப்படித்தான் தோன்றும். ஆனால் எம்.ஐ.டி.9313இல் இரண்டே இரண்டு, அதிலும் ஒன்று இரும்பு பற்றாக்குறை வந்தால்தான் வேலைக்கு வருகிறது. எஸ்.எஸ்.120இல் ஒளித்தொகுதி 1ஐச் சுற்றி 18 பிசிபி வளையமாக நிற்பதை 2001இலேயே எலக்ட்ரான் நுண்ணோக்கியில் பார்த்துவிட்டார்கள். அழகான படம், ஆனால் எல்லாக் குறைந்த ஒளிக் கிளைக்கும் அதைப் பொதுவாக்க முடியாது.

குறைந்த ஒளிக் கிளைகளிலேயே ஒரு விதிவிலக்கு என்.ஏ.டி.எல்.2ஏ. ஹ்லி மரபணு 41, ஃபோட்டோலையேஸும் உண்டு. குறைந்த ஒளியிலும் வளரும், திடீர் வெளிச்சத்தையும் தாங்கும். பெர்முடா அருகே குளிர்காலத்தில் கடல் நூற்றைம்பது மீட்டருக்கும் கீழே வரை கலங்கும்போது ஆழத்துச் செல்களெல்லாம் மேலே தூக்கி எறியப்படும். அங்கே அந்தப் பருவத்தில் எம்.ஐ.டி.9313 வகையும் எஸ்.எஸ்.120 வகையும் சரிந்துவிடும், என்.ஏ.டி.எல். வகை நிற்கும். அந்த அளவுக்குக் கலக்கம் இல்லாத ஹவாய் நிலையத்தில் இந்த ஏற்ற இறக்கம் பெரிதாக இல்லை. திடீர் ஒளி ஏற்றத்தைச் சோதிப்பதுதான் உங்கள் நோக்கம் என்றால் மூன்றாவது ஸ்ட்ரெயினாக அதையும் சேர்த்துக்கொள்ளுங்கள்.

பச்சைப்புள்ளி:

உப்புக்காற்று சொன்னதில் எனக்கு மறுப்பு இல்லை, ஆனால் ஹெப்பஸை இவ்வளவு சுலபமாக விட்டுவிட மாட்டேன்.

ஹெப்பஸ் கலந்த கடல்நீர் ஊடகத்தில் வெளிச்சம் பட்டால் ஹைட்ரஜன் பெராக்சைடு தொடர்ந்து உருவாகும். புரோக்ளோரோகாக்கஸிடம் பெராக்சைடை உடைக்கும் கேட்டலேஸ் நொதி கிடையாது. கடலில் சுற்றியிருக்கும் மற்ற பாக்டீரியாக்கள் பெராக்சைடை அழித்துக் கொடுப்பதால் பிழைக்கிறது. உங்களுடையது தூய வளர்ப்பு, அந்தத் துணையும் இல்லை. அதிக ஒளி, ஹெப்பஸ், துணை பாக்டீரியா இல்லாமை மூன்றும் ஒரே நாளில் சேர்ந்திருக்கின்றன. வெறும் ஒளிதான் காரணம் என்று இப்போதே எழுதிவிட முடியாது.

பிரித்துப் பார்க்க நாலு குழாய் போதும். 118இல் ஹெப்பஸ் உள்ளது, ஹெப்பஸ் இல்லாதது, ஹெப்பஸோடு ஒரு மில்லிமோலார் சோடியம் பைருவேட் சேர்த்தது. நாலாவது 15இல் ஹெப்பஸோடு. பைருவேட் பெராக்சைடைத் தின்றுவிடும். பைருவேட் போட்ட குழாய் பிழைத்தால் பெராக்சைடு குற்றவாளி. அதுவும் செத்தால் ஒளிதான். என் ஊகம்: எம்.ஐ.டி.9313 எல்லா 118 குழாயிலும் சாகும். ஆனால் மெட்4இன் முதல் இரண்டு நாள் இறக்கத்தில் பெராக்சைடுக்கும் பங்கு இருக்கலாம்.

அந்த இறக்கத்தைப் பற்றியே இன்னொன்று. குழாய் ஃப்ளோரோமீட்டர் காட்டுவது செல் எண்ணிக்கை இல்லை. செல் எண்ணிக்கையை ஒரு செல்லின் பச்சையத்தால் பெருக்கியது. ஒளி மாறாத வரை இரண்டும் கூடவே ஏறும், அதனால் வளர்ச்சி வேகத்துக்கு ஃப்ளோரோமீட்டரே போதும். ஒளியை ஏற்றிய அடுத்த சில நாள் அது பொய் சொல்லும்: செல் இரண்டு மடங்காகப் பெருகி, ஒவ்வொரு செல்லும் பச்சையத்தை மூன்றில் ஒன்றாகக் குறைத்தால் மீட்டர் இறக்கம்தான் காட்டும். மெட்4இல் நீங்கள் பார்த்தது இதுவாகவே இருக்கும். வெளிறுவது வேறு, சாவது வேறு. செல்களை ஒவ்வொன்றாக லேசர் முன் ஓடவிடும் ஃப்ளோ சைட்டோமீட்டரில் எண்ணாமல் இரண்டையும் பிரிக்க முடியாது.

சைட்டோமீட்டரில் 488 லேசர், எதை எண்ணுவது என்ற த்ரெஷோல்டைச் சிவப்பு ஒளிர்வில் வையுங்கள், சிதறலில் வேண்டாம். செல் 0.5 முதல் 0.7 மைக்ரான்தான், சிதறலில் வைத்தால் தண்ணீரில் உள்ள தூசி முழுக்கக் கணக்கில் வந்துவிடும். அதிக ஒளியில் பழகிய மெட்4 மிக மங்கல், இரைச்சலோடு ஒட்டிக்கொண்டு பாதி மேகம் வெட்டுப்படும். அது எண்ணிக்கை குறைந்ததுபோலத் தெரியும். எல்லா மாதிரியிலும் ஒரே ஒளிர்மணிகளைக் கலந்து, செல்லின் சிவப்பை மணியின் அளவால் வகுத்து எழுதுங்கள். உடனே ஓட்ட முடியாவிட்டால் 0.125 முதல் 0.25 சதவீத குளூட்டரால்டிஹைடில் பத்து நிமிடம் இருட்டில் வைத்து, திரவ நைட்ரஜனில் உறையவிட்டு, மைனஸ் 80இல் வையுங்கள்.

நேரம் மாறாமல் எடுப்பது முக்கியம். இந்தச் செல்கள் நாளோடு ஒத்து நடப்பவை: பிற்பகலில் டி.என்.ஏ.வை இரட்டிப்பாக்கி, அந்தி சாய்ந்த பின் பிளவுபடும். காலை பத்து மணிச் செல்லையும் மாலை ஆறு மணிச் செல்லையும் ஒப்பிட்டால் ஒளியின் விளைவு என்று நினைப்பது உண்மையில் செல்லின் வயதாக இருக்கும். விளக்கு எரிந்து நாலாவது மணி என்று ஒன்றை முடிவு செய்து, கடைசி வரை அதையே பிடித்துக்கொள்ளுங்கள்.

இனி ஏற்றும் முறை. ஒரு படிக்கு ஒன்றரை மடங்குக்கு மேல் வேண்டாம்: 15, 22, 33, 50. எம்.ஐ.டி.9313 இந்த 30–50 பக்கம் உச்சத்தை எட்டிவிடும், அதற்கு மேல் போவதில் பெரிய லாபம் இல்லை. ஒவ்வொரு படியிலும் மூன்று தடவை பத்துக்கு ஒன்றாக மாற்றி வளர்க்க வேண்டும், அதாவது பத்துத் தலைமுறை. நாளுக்கு 0.3 வளர்ச்சி வேகத்தில் ஒரு மாற்றத்துக்கு ஏறக்குறைய 8 நாள், மூன்றுக்கு 23 நாள். மெட்4 நாளுக்கு 0.6இல் ஓடினால் 12 நாளில் முடிந்துவிடும். மூன்று மாற்றத்திலும் வளர்ச்சி வேகம் பத்து சதவீதத்துக்குள் ஒத்துப்போனால்தான் ‘பழகியது’ என்று எழுதலாம். அவசரப்பட்டு நூறுக்கு ஒன்றாக நீர்க்கச் செய்யாதீர்கள். தூய வளர்ப்பில் மெல்லிய விதைப்பு பல தடவை எழும்பவே எழும்பாது. மறுபக்கம், குழாய் நல்ல பச்சையாகும் வரை விட்டால் முன்னால் இருக்கும் செல் பின்னால் இருப்பதற்கு நிழல் போடும். அப்போது நீங்கள் சொல்லும் 50 குழாயின் சுவரில் மட்டும்தான்.

ஊடகத்தைப் பற்றி ஒரே வரி: ப்ரோ99இல் அம்மோனியம் 800, பாஸ்பேட் 50, இரும்பும் ஈ.டி.டி.ஏ.வும் தலா 1.17 மைக்ரோமோலார், கடல்நீரை ஆட்டோகிளேவ் செய்து ஆறிய பிறகு சேர்க்க வேண்டும், முன்பே சேர்த்தால் வீழ்படிவாகும். அம்மோனியம் கையில் இல்லை என்று நைட்ரேட் ஊடகத்துக்கு மாற்றிவிடாதீர்கள். இந்த இரண்டு ஸ்ட்ரெயினுமே நைட்ரேட்டைத் தொடாது. நைட்ரஜன் பட்டினியிலும் செல் வெளிறும், அதை ஒளியின் தலையில் கட்டிவிடுவீர்கள்.

நுண்கடல்:

நாலு குழாய்ச் சோதனை இன்றே தொடங்குகிறேன். நிறமி விகிதத்தை ஸ்பெக்ட்ரோஃபோட்டோமீட்டரில் பார்த்தால் போதுமா? ஆர்.எஸ்.9916 பற்றி யாரும் சொல்லவில்லையே.

நிறமிப்பிரியன்:

ஸ்பெக்ட்ரோவில் பச்சையத்தைக் கணக்கிடும் வழக்கமான 664 நானோமீட்டர் சூத்திரத்தைப் போட்டால் எண் வரும், பொருள் இருக்காது. டைவினைல் ஏ-யும் சாதாரண ஏ-யும் சிவப்பு முகட்டில் ஏறக்குறைய ஒரே இடம். வேறுபாடு நீல முகட்டில்தான். அமிலம் சேர்த்து அளக்கும் ஃப்ளோரோமீட்டர் முறையும் வேண்டாம், பி அதிகம் உள்ள செல்லில் அது குழப்பும். சி8 நிரலில் எச்.பி.எல்.சி. (நிறமிகளைத் தனித்தனியாகப் பிரித்து அளக்கும் முறை) ஓட்டினால் டைவினைல் ஏ தனியாகப் பிரியும். அதிலேயே ஜியாசாந்தின் என்ற மஞ்சள் நிறமியையும் பாருங்கள். ஒளி ஏறும்போது ஒரு செல்லுக்கான ஜியாசாந்தின் அதிகம் மாறாது, பச்சையம் இறங்கும். அதனால் ஜியாசாந்தினுக்கும் ஏ-க்கும் உள்ள விகிதம் ஏறும். பழகல் எவ்வளவு நடந்தது என்பதற்கு இந்த விகிதம் நல்ல அளவுகோல். வடிகட்ட 0.2 மைக்ரான் எடுங்கள். 0.7 மைக்ரான் கண்ணாடியிழை வடிகட்டி செல்களில் ஒரு பகுதியைக் கீழே விட்டுவிடும்.

இனி ஆர்.எஸ்.9916. செங்கடலின் அகபா வளைகுடாவில் எடுத்தது. இதை மற்ற இரண்டோடு ஒரே பரிசோதனையில் ஒரே கேள்விக்கு வைப்பது தவறு. புரோக்ளோரோகாக்கஸ் எவ்வளவு ஒளி என்று பார்த்து மாறுகிறது. இந்த சினெக்கோகாக்கஸ் அதோடு என்ன நிறம் என்றும் பார்த்து மாறுகிறது.

இதன் ஆண்டெனா பைக்கோபிலிசோம், சவ்வுக்கு வெளியே நீட்டிக்கொண்டிருக்கும் தடிமனான புரதக் கட்டு. வெளித் தண்டுகளில் பைக்கோஎரித்ரின் 1, 2. அவற்றில் தொங்கும் நிறமி இரண்டு வகை: 545 பக்கம் பச்சையை உறிஞ்சும் பைக்கோஎரித்ரோபிலின், 495 பக்கம் நீலப்பச்சையை உறிஞ்சும் பைக்கோயூரோபிலின். நீல ஒளியில் வளர்த்தால் எம்.பி.இ.இசட். என்ற நொதி வேலைக்கு வரும். பைக்கோஎரித்ரின் 2இன் ஆல்ஃபா துணையலகில் 83ஆம் இடத்துச் சிஸ்டீனில் எரித்ரோபிலினைப் பொருத்தும்போதே அதை யூரோபிலினாக மாற்றிவிடும். பச்சை ஒளியில் அதே இடத்தில் எரித்ரோபிலின் அப்படியே உட்காரும். புரதத்தின் அளவு மாற வேண்டிய அவசியமில்லை, அதில் மாட்டும் நிறமிதான் மாறுகிறது. நான்காம் வகை நிறப்பழகல் என்று இதற்குப் பெயர். உலகக் கடல்களில் மாதிரி எடுத்த தாரா கடற்பயணத்தை வைத்து 2018இல் வெளியான ஆய்வில், எண்ணிய சினெக்கோகாக்கஸில் ஏறக்குறைய 40 சதவீதம் இந்தத் திறன் உள்ளவை.

ஏன் இவ்வளவு பேருக்கு இது தேவைப்படுகிறது என்றால், ஆற்று நீரும் கரைந்த கரிமப் பொருளும் கலந்த கரையோரத்தில் நீலம் முதலில் போய்விடும், பச்சைதான் உள்ளே இறங்கும். நடுக்கடலில் நேர் எதிர். நீரோட்டத்தோடு கரையிலிருந்து கடலுக்கும் கடலிலிருந்து கரைக்கும் அலைகிற செல்லுக்கு இரண்டு நிறமும் வரும்.

எனவே நீல விளக்கு மட்டும் வைத்தால் ஆர்.எஸ்.9916 வளரும், ஆனால் பாதிக் கதைதான் கிடைக்கும். 530 பக்கம் ஒரு பச்சை எல்.இ.டி.யும் வேண்டும், இரண்டும் ஃபோட்டான் கணக்கில் சமமாக, சுமார் 15–20 மைக்ரோமோலில். (லக்ஸில் சமம் செய்தால் என்ன ஆகும் என்று மேலே 19 மடங்குக் கணக்கு இருக்கிறது.) நிறத்தை மாற்றிய பின் ஒரு வாரம் விடுங்கள். பிறகு ஃப்ளோரிமீட்டரில் உமிழ்வை 580இல் நிறுத்தி, தூண்டலை 450 முதல் 560 வரை ஓட்டி, 495இன் உயரத்தை 545இன் உயரத்தால் வகுங்கள். நீலத்தில் பழகியது சுமார் 1.6–1.7, பச்சையில் பழகியது சுமார் 0.6–0.7. இடையில் ஒரு எண் வந்து அங்கேயே நின்றால் இரண்டு விளக்கின் ஒளியும் ரேக்கில் கலக்கிறது என்று பொருள். நடுவில் கருப்பு அட்டை வையுங்கள்.

பைக்கோபிலிசோமை விட்டுவிட்டுப் பிசிபிக்கு மாறியதுதான் புரோக்ளோரோகாக்கஸ் என்று பாடத்தில் எழுதுவோம். அதிலும் ஒரு திருப்பம். அரபிக்கடல், கிழக்கு பசிபிக் போன்ற ஆக்சிஜன் வற்றிய பகுதிகளில், மேல்மட்ட ஒளியில் ஒரு சதவீதத்துக்கும் கீழான ஆழத்தில் பச்சையத்தின் இரண்டாவது உச்சம் ஒன்று தென்படும். அந்த மாதிரி ஆழத்தில் வாழும் சில புரோக்ளோரோகாக்கஸ் கிளைகளில் பைக்கோபிலிசோம் மரபணுக்கள் இன்னும் இருப்பதை 2021இல் கண்டார்கள். ஆகவே ‘புரோக்ளோரோகாக்கஸ் என்றால் ஆரஞ்சு ஒளிர்வு இருக்காது’ என்று சைட்டோமீட்டரில் கண்ணை மூடிக்கொண்டு கோடு போடுவதற்கு முன் மாதிரி எங்கிருந்து வந்தது என்று பாருங்கள். உங்கள் இரண்டு புரோக்ளோரோகாக்கஸ் ஸ்ட்ரெயினுக்கு அந்தக் கவலை இல்லை.

லக்ஸ்_வேண்டாம்:

ஆழக் கணக்கு யாரும் போடவில்லை, அதையும் போட்டுவிடுகிறேன், கட்டுரையில் தேவைப்படும். தெளிந்த வெப்பமண்டலக் கடலில் ஒளி மங்கும் கெழு மீட்டருக்கு 0.04, நண்பகல் மேல்மட்டம் 2000 என்று வைத்தால் 15 மைக்ரோமோல் 122 மீட்டரில், 118 மைக்ரோமோல் 71 மீட்டரில். அதாவது ஒரே இரவில் 50 மீட்டர் மேலே இழுத்துவிட்டீர்கள்.

உப்புக்காற்று:

நண்பகலோடு ஒப்பிடுவது சரியில்லை. உங்கள் விளக்கு 14 மணி நேரமும் ஒரே அளவில் எரிகிறது, சூரியன் அப்படி எரிவதில்லை. நாள் மொத்தத்தைப் பாருங்கள். 15 மைக்ரோமோல் 14 மணி நேரத்துக்கு 0.76 மோல், 118 என்றால் 5.9 மோல். மேல்மட்டத்தில் நாளுக்கு 45 மோல் என்று கொண்டால் முதலாவது 102 மீட்டர், இரண்டாவது 51 மீட்டர். இழுத்த தூரம் அதே 50தான், ஆனால் இரண்டு முனையும் இருபது மீட்டர் மேலே வந்துவிடுகிறது. அட்டவணையில் ஆழம் எழுதுவதாக இருந்தால் நாள் மொத்தத்தில் எழுதி, பக்கத்திலேயே 0.04 என்ற கெழுவையும் குறித்துவிடுங்கள்.

லக்ஸ்_வேண்டாம்:

ஒப்புக்கொள்கிறேன். நாள் மொத்தமே வையுங்கள்.

நுண்கடல்:

குறித்துக்கொண்டேன். எம்.ஐ.டி.9313 மீதிக் குழாய் ஒன்று பழைய வெள்ளை விளக்கின் கீழ் இன்னும் பச்சையாக இருக்கிறது. அதிலிருந்து தொடங்கி, இரண்டு அடுக்குக் கருப்பு வலைக்குள் முதல் படி 15 நீலம் என்று வைக்கலாமா, அல்லது அளவையும் குறைக்க வேண்டுமா?

உப்புக்காற்று:

குறையுங்கள். நீலத்தில் 15 என்பது அந்தச் செல்லுக்கு வெள்ளையில் இருந்த 15ஐவிட அதிகம். 8இல் தொடங்கி, ஒரு மாற்றம் முடிந்ததும் 12, அப்புறம் 15. வலையைப் போர்த்திய பிறகு அந்தத் துளையில் மறுபடி அளந்துவிட்டுக் குழாயை வையுங்கள்.